இருபது டிக்கெட்டும் அப்பாவின் கணக்கில்

கேள்வி: கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் தரம் 12 இல் படிக்கிறேன். எங்கள் சமூக சேவைக் கழகத்தின் செயலாளர் நான். மலையகத்தில் ஒரு தோட்டப் பாடசாலைக்கு நூலகம் அமைக்க 3 இலட்சம் ரூபா திரட்டுகிறோம். ஒவ்வொருவருக்கும் 20 குலுக்கல் டிக்கெட் கொண்ட ஒரு புத்தகம். ஒரு டிக்கெட் 100 ரூபா. ஒரு மாணவியின் அப்பா ஒரே நாளில் 50,000 கொடுத்துவிட்டார். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கமிருந்து வரும் சிலரோ கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி புத்தகத்தைக் கிழிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். "அக்கறையில்லாதவர்கள்" என்கிறாள் எங்கள் தலைவி. பணம் சேருகிறது, கழகம் உடைகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு மாணவி, வெள்ளவத்தை

பதில்: அன்பு மகளுக்கு,

எனக்கும் ஒரு காலத்தில் அப்படியொரு டிக்கெட் புத்தகம் தந்தார்கள். அப்பா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, அடிக்கட்டைகளில் தன் முத்து முத்தான கையெழுத்தில் பெயர்களை எழுதினார்: அம்மா, அப்பம்மா, இரண்டு வயதுத் தம்பி. பெயர்கள் தீர்ந்துபோனதும் எப்போதோ காலமான தாத்தாவையும் சேர்த்துக்கொண்டார். (பரிசு விழுந்திருந்தால் வாங்கப் போக தாத்தாதான் இல்லை.) இருபதும் எங்கள் வீட்டுக் கணக்கு. பாடசாலையில் எனக்குக் கைதட்டினார்கள்.

ஆகவே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அந்தப் பிள்ளைமீது எனக்கு மரியாதை உண்டு. அவள் அக்கறையில்லாதவள் அல்லள், வீட்டுக் கணக்கு தெரிந்தவள். தலைக்கு இவ்வளவு என்று வைத்தால் அதற்குப் பெயர் சேவை அல்ல, வரி. அதுவும் நாட்கூலி வீட்டுக்கும் காரில் வரும் வீட்டுக்கும் ஒரே வரி.

மீதமுள்ள புத்தகங்களைத் திரும்பப் பெற்றுவிடுங்கள். சேர்ந்த பணத்தை எண்ணி, பொறுப்பாசிரியர் மூலம் பாடசாலைக் கணக்கில் போடுங்கள். உங்கள் பையிலோ அம்மாவின் வங்கிக் கணக்கிலோ ஒரு நாள்கூட அது இருக்கக் கூடாது. வரவு செலவு அறிவித்தல் பலகையில் இருக்கட்டும். 50,000 தந்த தந்தைக்குப் பற்றுச்சீட்டும் நன்றிக் கடிதமும் போதும். காலைக் கூட்டத்தில் தொகையை வாசிக்க வேண்டாம்.

மிச்சத்தை உழைத்துச் சேருங்கள். சாரணர்களின் வேலை வாரம் தெரியும்தானே? அட்டையோடு வந்து கதவைத் தட்டி, வாகனம் கழுவி, முற்றம் கூட்டி, கூலி வாங்கிப் போவார்கள். எனக்கு அந்த முறை பிடிக்கும், கை நீட்டுவதற்கு முன் கை வேலை செய்கிறது. உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. புதிய ஆண்டு தொடங்கும்போது ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறை போட்டே பெற்றோர் களைத்துப்போகிறார்கள். கொப்பிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை வைத்து, மண்டபத்தில் பாய் விரித்து உட்காருங்கள். ஒருத்தி பிரவுண் பேப்பரை அளந்து வெட்ட, ஒருத்தி மடிக்க, ஒருத்தி பெயர் ஒட்ட, நாலு மணிநேரம் அருகருகே இருந்தால் பேசாமல் இருக்க முடியாது. யார் வீட்டில் என்ன கறி என்பதுவரை தெரிந்துவிடும். டிக்கெட் விற்கும்போது ஆளுக்கொரு திசையில் அல்லவா போகிறீர்கள்?

2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியபோது நானும் ஒரு மண்டபத்தில் நிவாரணப் பொதி கட்டினேன். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது மறந்துவிட்டது. பருப்புப் பையை முடிச்சுப் போடத் தெரியாமல் என்னிடம் கற்றுக்கொண்ட பெண் இன்றும் என் தோழி.

இன்னொன்று. நூலகம் வேண்டும் என்று அந்தத் தோட்டப் பாடசாலை கேட்டதா, நீங்களே தீர்மானித்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. அதிபரிடம் தொலைபேசியில் பேசுங்கள். மலைநாட்டின் ஈரத்தில் திறந்த தட்டில் வைத்த புத்தகம் பூஞ்சணம் பிடித்துப்போகும். முதலில் ஓர் இரும்பு அலுமாரி தேவைப்படலாம். தமிழ்மொழிமூலம் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்குக் கொழும்பு வீடுகள் கழித்துவிட்ட ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தால் என்ன பயன்? வேண்டிய புத்தகங்களின் பட்டியலை அந்த மாணவர்களே எழுதி அனுப்பட்டும்.

தலைவியோடு வாதாட வேண்டாம், அவளையும் பாயில் உட்கார வையுங்கள். புத்தகத்தைத் திருப்பித் தந்த பிள்ளையிடமும் டிக்கெட் பற்றி ஒரு சொல் பேசாதீர்கள். "பேப்பர் மொத்தமாக வாங்க வேண்டும், எனக்குப் புறக்கோட்டை பழக்கமில்லை, சனிக்கிழமை வருகிறாயா?" என்று கேளுங்கள். மலிபன் வீதியில் எந்தக் கடையில் என்ன விலை என்று கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரிந்திருக்காது. பேரம் பேசுவதை அவளிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் 101 பஸ்ஸில் ஏறிப் போங்கள். அவள் நடந்தே வந்துவிடக்கூடும். கடையில் பில் வாங்க மட்டும் மறக்க வேண்டாம்.