ஓடாமல் போயிருந்தால்? – சினிமா கேள்வி பதில்

உசிலம்பட்டி வாசகர்: '16 வயதினிலே' படுத்திருந்தால் பாரதிராஜாவும் இளையராஜாவும் சொந்த ஊரான தேனிப் பக்கம் பஸ் ஏறியிருப்பார்களா?

இளையராஜா ஏறியிருக்க மாட்டார். 'அன்னக்கிளி' 1976 மே மாதமே அவரை நிலைநிறுத்திவிட்டது. '16 வயதினிலே' வந்தது 1977 செப்டம்பர் 15. அதற்கு முன்பே 'கவிக்குயில்', 'புவனா ஒரு கேள்விக்குறி' என்று அவர் இசையில் படங்கள் வந்துவிட்டன. கமலுக்கும் கவலையில்லை.

அடி முழுக்க விழுந்திருப்பது தயாரிப்பாளர் எஸ்.ஏ.ராஜ்கண்ணு தலையில்தான். படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வராததால் அவரே வெளியிட்டார். ஏரியா ஏரியாவாக விற்றிருந்தால் நஷ்டம் பிரிந்திருக்கும். மதுரை - ராமநாதபுரம் ஏரியாவில் படுத்தால் அது அந்த ஏரியாக்காரர் பாடு. சொந்த ரிலீஸில் பிரிண்ட், போஸ்டர், தியேட்டர்களுக்குப் படப்பெட்டி அனுப்பும் செலவு எல்லாம் ஒரே கையிலிருந்து போகும். அப்படிப் போன பணம் திரும்பாவிட்டால் அடுத்த படத்துக்குப் பூஜை கிடையாது. அந்த அடுத்த படம் எது? 1978இல் அதே ராஜ்கண்ணு, அதே பாரதிராஜா சேர்ந்து எடுத்த 'கிழக்கே போகும் ரயில்'. ராதிகா அறிமுகமானது அதில்தான். அவருக்கு அந்த ரயிலே வந்திருக்காது.

அதோடு நிற்காது. '16 வயதினிலே'யில் உதவி இயக்குநராக இருந்த பாக்யராஜை 1979இல் 'புதிய வார்ப்புகள்' மூலம் கதாநாயகன் ஆக்கியவர் பாரதிராஜா. பாக்யராஜிடமிருந்து வந்தவர்கள் பார்த்திபனும் பாண்டியராஜனும். ஒரு பெட்டி திரும்பியிருந்தால் இவ்வளவு பேர் வரிசையும் கலைந்திருக்கும்.

ஆனால் 'கிராமத்துப் படமே வந்திருக்காது' என்று மேடையில் முழங்குகிறார்களே, அதை நான் ஒப்பமாட்டேன். தெங்குமரஹாடா கிராமத்தில் எடுத்த 'அன்னக்கிளி'யே கிராமத்துக் கதைதான். மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' வேறு தயாரிப்பாளர் பணம். அது எப்படியும் வந்திருக்கும். தள்ளிப்போயிருப்பது கையில் காசில்லாமலும் படம் எடுக்கலாம் என்ற துணிச்சல். 'செந்தூரப்பூவே' பாட்டைக் கவனித்துப் பாருங்கள். ஸ்லோமோஷன் கேமராவுக்குப் பணமில்லை. ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடவிட்டு எடுத்தார்கள். படம் ஓடியதால் அது சாமர்த்தியம். ஓடாமல் போயிருந்தால் 'காசில்லாதவன் எடுத்த படம்' என்றிருப்பார்கள்.

சிம்மக்கல் வாசகி: 'நாடோடி மன்னன்' வெற்றிக்கு மதுரையில் எம்.ஜி.ஆருக்குத் தங்க வாள் கொடுத்தார்கள். படம் தோற்றிருந்தால் அவர் நாடோடிதானா?

'வென்றால் மன்னன், தோற்றால் நாடோடி' என்று அவரே சொன்னதாகச் சொல்வார்கள். கணக்கை அடுத்த வருஷத்தோடு சேர்த்துப் போட வேண்டும். படம் 1958 ஆகஸ்ட் 22இல் வந்தது. சொந்தத் தயாரிப்பு, சொந்த இயக்கம், பிற்பகுதி கலர், நடுவில் பானுமதி விலகல், செலவு எகிறியிருந்தது. 1959 ஜூனில் சீர்காழி நாடக மேடையில் அவருக்குக் கால் முறிந்தது. அந்த வருஷம் வந்தது ஒரே படம், அதுவும் டிசம்பர் கடைசியில். கடனும் முறிந்த காலும் ஒன்றாக வந்திருந்தால் முதலில் போயிருப்பது நடிப்பு அல்ல, இயக்கம். வெளிப்படங்களில் நடித்துக் கடனை அடைத்திருப்பார். மறுபடி இயக்கப் பணம் போட்டிருப்பாரா என்பது சந்தேகம். வென்ற பிறகே அடுத்து இயக்க 1973 வரை ஆயிற்று. படத்தில் நடித்த சரோஜாதேவிக்கோ கவலையில்லை, 1959இல் வந்த 'கல்யாணப் பரிசு' போதும்.

திண்டுக்கல் வாசகர்: அந்த 1973 படம், 'உலகம் சுற்றும் வாலிபன்', ஊத்தியிருந்தால் எங்கள் ஊர் இடைத்தேர்தல் முடிவு மாறியிருக்குமா?

மாறியிருக்காது. படம் மே 11, ஓட்டுப்பதிவு மே 20. ஒன்பது நாளில் படம் பெரிய ஊர் தியேட்டரைத் தாண்டியிருக்காது. கிராமத்து டூரிங் டாக்கீசுக்குப் பெட்டி போக மாதக்கணக்கு ஆகும். பார்க்காத படத்தின் தோல்வி ஓட்டைக் குறைக்காது. எம்.ஜி.ஆர் கட்சி வேட்பாளர் மாயத்தேவர் ஜெயித்ததும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில்.

திருமங்கலம் வாசகி: எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்தில் இப்படி ஒரு விவாதம் வைக்கிறோம். எப்படித் தயாராவது?

படத்தை மாற்றாதீர்கள், வசூலை மட்டும் மாற்றுங்கள். 'வேறு நடிகர் நடித்திருந்தால்' என்று தொடங்கினால் அது வேறு விவாதம். முதலில் ரிலீஸ் தேதியை எழுதுங்கள். அந்தத் தேதியில் ஏற்கெனவே ஒப்பந்தமான, படப்பிடிப்பில் இருந்த படங்களைத் தனியாக எழுதுங்கள். தோல்வி அவற்றை உடனே தொடாது. பலர் சறுக்குவது இங்கேதான்: மறுநாளே எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பேசுவார்கள். பிறகு நஷ்டம் யார் பையில் என்று பாருங்கள். மொத்தமாக விற்ற படமென்றால் விநியோகஸ்தர், மினிமம் கேரண்டி (குறைந்தபட்ச வசூலுக்கு உத்தரவாதத் தொகை) என்றால் அதைக் கொடுத்தவர், சொந்த ரிலீஸ் என்றால் தயாரிப்பாளர். நஷ்டப்பட்டவர் அடுத்து எடுத்த படங்களை மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஐந்து வருஷத்தோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் ஜோசியம்.

மேலமாசி வீதி வாசகர்: மதுரை தங்கம் தியேட்டரின் முதல் படம் 'பராசக்தி'. அது ஓடாவிட்டால்?

2,500க்கு மேல் இருக்கை. புதுத் தியேட்டர்காரருக்குத் தீபாவளியே கசந்திருக்கும். கலைஞருக்கு 1950இலேயே 'மந்திரி குமாரி' இருந்ததால் பேனா நின்றிருக்காது. சிவாஜிக்குத்தான் சிக்கல். படப்பிடிப்பின்போதே அவரை மாற்றச் சொன்ன ஏவி.மெய்யப்ப செட்டியார் 'அப்பவே சொன்னேனே' என்றிருப்பார். சிவாஜிதான் என்று விடாப்பிடியாக நின்ற தயாரிப்பாளர் பெருமாள் முதலியாரிடம் பதில் இருந்திருக்காது.