பழைய மஸில் காரின் உட்புறத்துச் சிறிய பாகங்களை நாமே சரிசெய்வதா, புது செட் வாங்கி மாட்டுவதா?

பழையதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

மஸில் கார் என்றால் அறுபது, எழுபதுகளில் பெரிய எஞ்சினோடு வந்த அமெரிக்கக் கார்கள். அதில் உங்களுடையது எது என்று நீங்கள் எழுதவில்லை. "உள்ளே பிளாஸ்டிக் எல்லாம் வெளுத்து உடைந்து கிடக்கிறது, முழு செட்டாகவே விற்கிறார்களே" என்று கேட்டிருப்பதைப் பார்த்தால் எஞ்சின், பெயிண்ட் எல்லாம் முடிந்து, கையில் காசு கரைந்த பிறகு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பொறுமையும் கரைந்திருக்கும். முழு செட் வியாபாரம் நடப்பதே இந்த நேரத்தை நம்பித்தான்.

என்னுடையது 1969 செவர்லே கமாரோ, ஒஹாயோவில் நார்வுட் ஆலையில் செய்தது, உள்ளே நீலம். நான் தொழில்முறை ஆள் இல்லை. மிச்சிகனில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் கராஜில் குந்துகிறவன். கண்காட்சிக்காகப் போல்ட்டின் தலையில் இருக்கும் குறி வரைக்கும் சரிபார்க்கும் பெரியவர்கள் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் வழி வேறு, நான் சொல்வது ஓட்டுவதற்காக வைத்திருக்கிற காருக்கு.

என் காரில் முதலில் கண்ணை உறுத்தியது கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில் இருக்கும் கிக் பேனல். திருகு மாட்டும் மூலையில் விரிசல், அதற்கு மேலே எவனோ ஸ்பீக்கருக்காக ஓட்டை போடப் பார்த்துப் பாதியில் விட்டிருந்தான். புதிது ஒன்று வரவழைத்தேன். எந்தக் கடை என்பது வேண்டாம். திருகுத் துளை தள்ளி இருந்தது, காற்றுத் திறப்பின் விளிம்பு படியவில்லை, தோல் மாதிரி இருக்க வேண்டிய வரிகள் மழுங்கிப்போய் இருந்தன. திருப்பி அனுப்புகிறேன் என்றால் "அதற்கு ஒரு கட்டணம், அனுப்பும் செலவும் உங்களுடையது" என்கிறார்கள். இதற்குப் பழையதே மேல் என்று அதைக் கையில் எடுத்தேன்.

இந்தப் பாகங்களில் நிறைய ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஆனால் ஊகித்துவிட்டு இறங்காதீர்கள். பின்பக்கம், கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு துளி அசிட்டோன் (நகப்பூச்சு அழிக்கப் பயன்படும் திரவம்) வையுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் ஏபிஎஸ். ஒன்றுமே ஆகாவிட்டால் பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்காக இருக்கலாம், அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது. ஏபிஎஸ்தான் என்று தெரிந்தால் அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளைக் கண்ணாடி பாட்டிலில் அசிட்டோன் ஊற்றிக் கரைய விடுங்கள். உடைந்த லெகோ கட்டைகளும் ஏபிஎஸ்தான், எங்கள் வீட்டில் அவைதான் கரைந்தன. மேலே எப்படியும் வண்ணம் அடிக்கப்போகிறோம், சிவப்புக் கட்டையாக இருந்தால் என்ன? தேன் பதத்துக்கு வந்ததும் விரிசலின் பின்பக்கம் கண்ணாடியிழை வலையை வைத்து அதன்மேல் பூசுங்கள். முன்பக்கம் விரிசலை V மாதிரி கொஞ்சம் அகலப்படுத்திவிட்டு மெல்லிய பூச்சாகப் போட்டுப் போட்டு நிரப்ப வேண்டும். ஒரேயடியாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே காயாமல், பின்னால் குழி விழும்.

தேய்த்துச் சமன் செய்தபின் அந்த இடம் மட்டும் வழவழவென்று மொட்டையாகத் தெரியும். பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். அதே பேனலில் நல்லாயிருக்கும் பகுதியில் அச்செடுக்கும் சிலிகானைத் தடவி, காய்ந்ததும் உரித்தால், தோல் வரிகள் அப்படியே அதில் விழுந்திருக்கும். கடைசிப் பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது அந்த அச்சை வைத்து அழுத்தி எடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் தேடினால் தெரியும், இல்லையென்றால் தெரியாது.

வண்ணத்துக்கு வருவோம். வினைல் டை (வினைலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் சாயம்) என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் அது மெல்லிய பெயிண்ட்தான். கறுப்பு என்றால் நீங்கள் தப்பித்தீர்கள். நீலம், பச்சை என்றால் எந்த நீலம் என்பதே பெரிய வழக்கு. ஐம்பது வருட வெயில் பட்ட பாகத்தைக் கடையில் கொண்டுபோய்க் காட்டினால் வெளுத்த நீலத்தைத்தான் கலந்து தருவார்கள். கதவில் ஆர்ம்ரெஸ்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது மூடியிருந்த இடத்தில் மட்டும் வினைல் ஆலையிலிருந்து வந்த நிறத்தில் இருக்கும். நான் அந்த இடத்தை வைத்துத்தான் நிறம் பொருத்தினேன். அடிக்கும் முன் பாத்திரம் கழுவும் சோப்பு, அதன்பின் மெழுகும் எண்ணெய்ப் பசையும் எடுக்கும் திரவம், இரண்டும் கட்டாயம். முந்தைய சொந்தக்காரர்கள் பளபளப்புக்காக அடித்த சிலிகான் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பெயிண்ட் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகிவிடும். முதல் பூச்சு பனித்தூறல் போலப் படட்டும். கெட்டியாக அடித்தால் பாடுபட்டு எடுத்த வரிகள் மூடிப்போகும்.

கராஜ் கதவைத் திறந்து வைத்து, முகமூடி போட்டுக்கொண்டுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும். திறந்து வைத்தால் எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வருகிறது! "கராஜ் கதவு நீண்ட நேரம் திறந்திருப்பது தெருவின் அழகைக் கெடுக்கிறது." காரை வெளியே நிறுத்தி உறை போட்டு மூடினால் உறைக்கு ஒரு கடிதம். நாலு வீடு தள்ளி ஒருவர் கோடை முழுக்க வாசலில் படகை நிறுத்தி வைத்திருக்கிறார், அதற்கு மட்டும் தெருவின் அழகு கெடாதாம். கூட்டத்தில் கேட்டேன், "அவர் முன்அனுமதி வாங்கியிருக்கிறார்" என்றார்கள். நானும் விண்ணப்பித்தேன், இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. சந்தா மட்டும் ஒரு மாதம் தவறக்கூடாது. இதில் ஊரிலிருந்து வந்த சித்தப்பா வேறு, "ஏன்டா, இந்தக் காசுக்குப் புதுக் காரே வாங்கியிருக்கலாமேடா" என்றார். சரி, அவரிடம் என்ன சொல்வது.

எல்லாவற்றையும் காப்பாற்று என்று நான் சொல்லவில்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி துத்தநாகக் கலவையில் வார்த்தது. குரோமுக்கு அடியில் அரித்து அம்மைத் தழும்பாகிவிட்டால், குரோமை எடுத்து, தாமிரம் ஏற்றிக் குழிகளை நிரப்பி, தேய்த்து, நிக்கல் போட்டு, அப்புறம் குரோம். அந்தச் செலவுக்குப் புதுக் கைப்பிடிகளே வாங்கலாம், அவை ஓரளவு ஒழுங்காகவும் வருகின்றன. கழற்றும்போது திருகைத் தேடாதீர்கள். கமாரோ மாதிரி ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களில் பின்னால் குதிரைலாட வடிவில் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். கைப்பிடிக்கும் கதவுக்கும் நடுவே துணியை விட்டு இரண்டு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் தெறித்து வரும். சீட்டுக்கு அடியில் ஓடிவிடும், முன்கூட்டியே பழைய போர்வையை விரித்து வையுங்கள்.

டாஷ்போர்டில் வேகம், எரிபொருள் காட்டும் மீட்டர்களைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் குரோமை அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைக்கவே கூடாது. அது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய அலுமினியம், துணியோடு வந்துவிடும். கதவு வாசலில் இருக்கும் அலுமினியத் தகட்டை மாற்ற வேண்டி வந்தால், அதில் ரிவிட் அடித்த "பாடி பை ஃபிஷர்" (ஜிஎம் கார்களுக்கு உடல் செய்த ஃபிஷரின் பெயர்) சின்னத்தை மட்டுமாவது எடுத்துப் புதியதில் மாட்டுங்கள். அந்தக் குதிரை வண்டிச் சின்னத்தின் பழைய அச்சு நகலில் அவ்வளவு கூர்மையாக வருவதில்லை.

சீட் பெல்ட் விஷயத்தில் மட்டும் கைவேலை வேண்டாம். 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில், கூரை மடங்கும் கார்கள் தவிர மற்றவற்றுக்கு, முன்சீட்டில் தோள் பெல்ட்டும் கட்டாயம் என்பதால் உங்கள் காரிலும் இருக்கக்கூடும். வெயிலில் கிடந்த நாடா பார்க்க நன்றாக இருந்தாலும் பலம் இருக்காது. பழைய பக்கிளை வைத்துக்கொண்டு புது நாடா தைத்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன் நாடாவில் தைத்திருக்கும் தேதிச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது வழியில் தொலைந்துபோவது சகஜம்.