நின்னா வருது, படுத்தா காணோம்: தொடை இடுக்கு வீக்கம்

கேள்வி: டாக்டர், வயசு 44, பரோட்டா மாஸ்டர், நாள் பூரா நின்னுதான் வேலை. இடது கால்ல ரொம்ப வருஷமா நரம்பு சுருட்டல் இருக்கு. இப்போ தொடை இடுக்குல நெல்லிக்காய் சைஸ்ல ஒரு வீக்கம், நின்னா வருது, படுத்தா போயிடுது. ஹெர்னியான்னு சொல்றாங்க. ஆபரேஷன் பண்ணிடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க, முதல்ல ரத்த ஓட்டத்தை பார்க்கற டாப்ளர் ஸ்கேன் எடுங்க. கால்ல சுருட்டல் இருக்கறவங்களுக்கு இந்த இடத்துல வர்ற வீக்கம் ஹெர்னியாவாவே இருக்கணும்னு இல்ல, ரத்தக்குழாயே புடைச்சிருக்கலாம், அதுக்கு பேரு சஃபீனா வேரிக்ஸ்.

கணுக்கால் உள்பக்கத்துல இருந்து தோலுக்கு அடியிலயே மேல வர்ற பெரிய சஃபீனஸ் வெயின் (ரத்தத்தை இதயத்துக்கு திருப்பி கொண்டு போற குழாய்), இடுப்புக்கு கீழ முன்பக்கம் தட்டுப்படற எலும்பு மேட்டுல இருந்து 3, 4 சென்டிமீட்டர் கீழ, கொஞ்சம் வெளிப்பக்கமா, உள்ள இருக்கற பெரிய ஃபெமோரல் வெயின்ல போய் சேருது. அடிவயிறு, இடுப்போரம், பிறப்புறுப்பு பக்கத்துல இருந்து வர்ற சின்ன குழாய்களும் அந்த முனையிலதான் வந்து கலக்கும். அங்க ஒரு வால்வு இருக்கு, அது பழுதானா நீங்க நிக்கும்போது ரத்தம் கீழ திரும்பி அந்த முனை உப்பிடும், படுத்தா வடிஞ்சிடும். ஃபெமோரல் ஹெர்னியாவும் இதுக்கு பக்கத்துலயே வரும், அதுவும் சில சமயம் படுத்தா உள்ள போயிடும், அதனாலதான் இவ்ளோ குழப்பம். வேரிக்ஸ்னா அழுத்தினா மெத்துன்னு அமுங்கும், தோல் லேசா நீலமா தெரியலாம், இருமும்போது விரலுக்கு அடியில ஒரு அதிர்வு தெரியும். ஆனா கைய வச்சு மட்டும் முடிவு பண்ணக்கூடாது, ஹெர்னியான்னு நினைச்சு கத்தி வச்சா கடுமையா ரத்தம் போகும். ஸ்கேனை நிக்க வச்சு எடுக்கச் சொல்லுங்க, படுக்க வச்சு மட்டும் பார்த்தா ரத்தம் திரும்பறது சரியா தெரியாம போகலாம்.

வால்வு பழுதுன்னு உறுதியானா பெரும்பாலும் லேசர்லயே குழாயை அடைச்சிடலாம். சேரும் முனைக்கு சுமார் 2 சென்டிமீட்டர் முன்னாடியே நிறுத்திடுவாங்க, உள்குழாய்க்குள்ள ரத்தக்கட்டி போயிடக் கூடாதுன்னுதான். கீழ்க்கால்ல தெரியற சுருட்டலை மட்டும் எடுத்துட்டு மேல இருக்கற இந்த முனையை விட்டுட்டா திரும்ப வர வாய்ப்பு அதிகம், அதனால டாக்டர்கிட்ட இதை கட்டாயம் கேளுங்க.

அதுவரைக்கும் எண்ணெய் போட்டு உருவ வேணாம். வீக்கம் கல்லு மாதிரி ஆகி படுத்தாலும் போகலன்னா, வாந்தி வந்தா, ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கினா, மூச்சு திணறினா ராத்திரியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.