திரையிலிருந்து போனுக்குக் கோப்பு: கடைசித் துண்டு ஏன் வருவதில்லை?

கேள்வி: இணையமே இல்லாத ஆய்வகக் கணினியிலிருந்து 100 கிலோபைட் கோப்பை, கியூஆர் கோடுகளாகத் திரையில் வரிசையாக ஓட்டிப் போன் கேமராவில் பிடிக்கிறேன். 95 சதவீதம் விறுவிறுவென்று வந்துவிடுகிறது. மீதி எத்தனை சுற்று ஓட்டினாலும் வருவதில்லை.

பதில்: ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான் சிக்கல். திரை மாறும் தாளமும் கேமராவின் தாளமும் ஒத்துப்போனால், ஒவ்வொரு சுற்றிலும் அதே துண்டுகள்தான் தவறும்.

துண்டுகளை அப்படியே காட்டாதீர்கள். கோப்பை 820 பைட் வீதம் பிரித்தால் 125 துண்டுகள். ஒவ்வொரு கியூஆர் கோட்டுக்கும் அவற்றில் ஏறத்தாழ பாதியைத் தற்செயலாகத் தேர்ந்து, எக்ஸ்ஆர் (இரு பிட்டுகள் வேறானால் 1, ஒன்றானால் 0 தரும் கணக்கு) செய்த கலவையைக் காட்டுங்கள். தலைப்பில் 12 பைட் போதும்: சீட் எண் (எந்தத் துண்டுகள் கலந்தன என்பதைப் போனும் அதே தற்செயல் வரிசையில் கண்டறிய உதவும் தொடக்க எண்) 4, கோப்பின் நீளம் 4, கோப்பின் சிஆர்சி-32 மதிப்பு (கோப்பு சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) 4. போன் இவற்றைச் சமன்பாடுகளாகச் சேர்த்து, தெரியாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கும் காஸ் நீக்கல் முறையில் தீர்க்கும். எவையானாலும் 135 கலவைகள் கிடைத்தால், விடை வராமல் போகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. குறிப்பிட்ட துண்டுக்காகக் காத்திருக்கும் பேச்சே இல்லை.

பலர் இடறுவது இங்கேதான்: தற்செயல் எண் தரும் பைத்தானின் ரேண்டமும் ஜாவாஸ்கிரிப்டின் ரேண்டமும் ஒரே எண் வரிசையைத் தராது. மல்பெரி-32 போன்ற, பெருக்கலும் கலந்த சிறு தற்செயல் எண் நிரலை இரு பக்கமும் நீங்களே எழுதுங்கள்.

கியூஆர் கோடு 20ஆம் பதிப்பு (பதிப்பு எண் கூடக் கூடக் கட்டங்கள் கூடும்), திருத்த நிலை எல் (பிழை திருத்தத்துக்கு மிகக் குறைந்த இடம்). பைனரியை அப்படியே போட்டால் பல ஸ்கேனர்கள் அதை எழுத்தென்று எண்ணிச் சிதைத்துவிடும். பேஸ்45 (இரண்டு பைட்டை மூன்று எழுத்தாக்கும் முறை) ஆக்கி, கியூஆரின் எழுத்தெண் முறையில் (எழுத்தும் எண்ணும் கொள்ளும் வகை) போடுங்கள்: 1249 எழுத்து, அதாவது 832 பைட் கொள்ளும். பக்கத்துக்கு 97 கட்டம், இருபுறமும் 4 கட்ட வெள்ளை விளிம்பு, ஆக 105. கட்டத்துக்குச் சரியாக 10 பிக்சல் வைத்தால் 1080 உயரத் திரையில் அடங்கும். 40ஆம் பதிப்புக்கு ஆசைப்பட வேண்டாம். 177 கட்டங்களைக் கைப்பிடிக் கேமரா தெளிவாகப் பிரித்தறிவது அரிது.

60 ஹெர்ட்ஸ் திரையில் 6 புதுப்பிப்புக்கு ஒரு கோடு, நொடிக்குப் 10. 30 பிரேம் கேமராவுக்குக் கோட்டுக்கு மூன்று படம் கிடைக்கும்; மாறும் தருணத்தில் ஒன்று கிழிந்தாலும் மற்றவை தேறும். 20 ஆக்கினால் ஒன்றரைப் படம்தான், பாதி வீணாகும். கால்வாசி தவறினாலும் 18 நொடியில் முடிந்துவிடும்.

இருட்டறையில் பிடிக்காதீர்கள். ஷட்டர் நீண்டு இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும், வெள்ளை பரவிக் கறுப்புக் கட்டங்களைத் தின்னும். விளக்கைப் போட்டு, எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து, ஃபோகஸைப் பூட்டுங்கள். அலையலையாகக் கோலம் தெரிந்தால் போனைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினால் போதும்.

ஒன்று முக்கியம். அந்தக் கணினியை வேண்டுமென்றே தனிமைப்படுத்தியிருந்தால், இந்த வழியும் தடைக்கு உட்பட்டதே. பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு ஓட்டுங்கள்.