கவுட் மாத்திரையும் கீமோவும் ஒரே இடத்தில்தான் கை வைக்கின்றனவா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. கால் பெருவிரல் மூட்டு வீங்கியதற்கு, கவுட் என்று சொல்லி கோல்ச்சிசின் 0.5 மி.கி. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் தங்கை, "இது செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களை உடைக்கிற மருந்து, கீமோவும் அதைத்தான் செய்கிறது" என்கிறாள். சித்திக்கு மார்பகப் புற்றுநோய்க்கு பக்லிடாக்செல் ஏற்றுகிறார்கள். கால் விரல்கள் மரத்துப்போகின்றன. அப்பாவுக்கும் அப்படி ஆகுமா? எங்கள் காட்டில் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறோம். மருந்தே அதிலிருந்துதான் வருகிறது என்றால் கிழங்கையே கொடுக்கலாமே என்கிறார் பெரியப்பா. (மூலனூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பெரியப்பாவுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டவே வேண்டாம். கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் இருப்பது உண்மை. உங்கள் பக்கத்து விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போவதும் அதற்காகத்தான். ஆனால் ஒரு துண்டுக் கிழங்கில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இந்த மருந்திலோ குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. கிழங்கைத் தின்றவர்களுக்கு முதல் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் இருக்கும். அதற்கடுத்த சில நாட்களில் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாக விழும். டயாலிசிஸ் செய்தும் இதை வெளியேற்ற முடியாது. பிழைத்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து முடி கொட்டும்.

முடி ஏன் கொட்டுகிறது என்பதில்தான் தங்கையின் பேச்சு வருகிறது. அவள் சொன்னது பாதி சரி.

செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதம் இருக்கிறது. ஆல்பா, பீட்டா என்று இரண்டு உருண்டைகள் ஒட்டிய ஜோடி அது. இந்த ஜோடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசைகட்டி, பெரும்பாலும் 13 வரிசைகள் பக்கவாட்டில் சேர்ந்து, நடுவில் வெற்றிடம் உள்ள குழலாகின்றன. தங்கை சொன்ன நுண்குழல் இதுதான். விட்டம் சுமார் 25 நானோமீட்டர். இந்தக் குழல் சும்மா இருக்காது. நுனியில் வளர்ந்துகொண்டே போகும், திடீரென்று சரசரவென்று உதிரும், மறுபடி வளரும். மிட்சிசன், கிர்ஷ்னர் என்ற இரு உயிரியல் ஆய்வாளர்கள் 1984-இல் இதை விளக்கினார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைத் தேடிப் பிடித்து இருபுறமும் இழுப்பது இந்த ஆட்டம்தான். அதனால் மருந்து குழலை உடைக்கத்தான் வேண்டும் என்றில்லை, ஆட்டத்தைக் கெடுத்தாலே செல் பிரிவது நின்றுவிடும். முடி கொட்டுவதும் அதனால்தான்.

தனியாக மிதக்கும் டியூபுலின் ஜோடி கொஞ்சம் வளைந்திருக்கும். குழலில் சேரும்போது நிமிர்ந்துகொள்ளும். கோல்ச்சிசின் அந்த ஜோடியில் ஆல்பாவும் பீட்டாவும் சந்திக்கும் இடுக்கில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அப்புறம் ஜோடியால் நிமிர முடியாது. அப்படிப்பட்ட ஜோடிகள் சில நுனியில் ஏறினாலே அங்கே வளர்ச்சி தடைப்படும். மருந்தின் அளவு இன்னும் கூடினால் குழல்களே கரைந்துபோகும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் இரண்டும் வேறோர் இடத்தில் ஒட்டி இதே வகை வேலையைச் செய்கின்றன.

சித்திக்குப் போட்ட பக்லிடாக்செல் நேர்மாறு. அது குழலின் உட்பக்கத்தில், பீட்டா டியூபுலின் மீது ஒட்டிக்கொண்டு, குழலை உதிரவிடாமல் இறுக்கிவிடுகிறது. சூசன் ஹார்விட்ஸ் என்ற ஆய்வாளர் 1979-இல் இதை வெளியிட்டபோது குழலைக் கரைக்கும் மருந்துகளே தெரிந்திருந்த காலம். உறைய வைத்தும் செல்லைக் கொல்லலாம் என்பது அப்போது புதுச் செய்தி.

சரி, கோல்ச்சிசினும் செல் பிரிவதை நிறுத்துமென்றால் அதைப் புற்றுநோய்க்குக் கொடுக்கலாமே? அந்த வேலைக்குத் தேவையான அளவு, உடம்பு தாங்கும் அளவைத் தாண்டிவிடுகிறது. வயலில் மட்டும் அந்த வேலை நடக்கிறது: விதையில்லாத தர்பூசணியின் தாய்ச் செடியை உருவாக்குவது கோல்ச்சிசினால்தான். குரோமோசோம் இரட்டிக்கும், செல் பிரியாது.

அப்பாவுக்குக் கொடுத்திருக்கும் அளவு மிகக் குறைவு. மூட்டில் யூரேட் படிகங்கள் சேர்ந்ததும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் அங்கே பாய்கின்றன; வீக்கமும் வலியும் அவற்றால்தான். இரத்தக் குழாயின் சுவரைப் பிடித்து, நெளிந்து, மூட்டுக்குள் நுழைய அவற்றுக்கும் நுண்குழல்கள் வேண்டும். மருந்தை வெளியே தள்ளும் பம்ப் நியூட்ரோஃபிலில் குறைவு என்பதால், இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு கோல்ச்சிசின் அதற்குள் தங்கிவிடுகிறது. குறைந்த அளவே வேலை செய்வது இதனால்தான். முன்பெல்லாம் பேதி ஆகும்வரை மணிக்கொரு மாத்திரை என்று கொடுத்துவந்தார்கள். 2010-இல் வெளியான ஒரு சோதனையில் 1.8 மி.கி.யும் 4.8 மி.கி.யும் வலியை ஏறக்குறைய ஒரே மாதிரி குறைத்தன. வயிற்றுப்போக்கு குறைந்த அளவில் 23 சதவீதம் பேருக்கு, கூடிய அளவில் 77 சதவீதம் பேருக்கு. எனவே வலி நிற்கவில்லை என்று இன்னொரு மாத்திரையை அவராகப் போட்டுக்கொள்ள வேண்டாம். பேதி தொடங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.

எனக்கு இதைவிடக் கவலை, கூடச் சேரும் மருந்துகள். சளிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல், இதய மாத்திரைகளில் வெராபமில், டில்டியாசெம் எல்லாம் கோல்ச்சிசின் உடம்பிலிருந்து வெளியேறும் வழியை அடைத்துவிடும். அதே ஒரு மாத்திரை பல மாத்திரை போட்ட மாதிரி ஆகிவிடும். மெடிக்கலில் வேறெதற்கு மருந்து வாங்கினாலும் கோல்ச்சிசின் அட்டையைக் காட்டுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பார்த்து நாளாகியிருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு, குறிப்பாகக் கொழுப்பு மாத்திரையும் போடுபவர்களுக்கு, இது தசையையும் நரம்பையும் தாக்கும். தொடை வலுவிழந்து, உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்று அவர் சொன்னால் அதை வயசு என்று விட்டுவிடாதீர்கள்.

மற்றபடி சித்திக்கு வந்த மரப்பு, டாக்டர் எழுதிய அளவில் அப்பாவுக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. கால் விரலுக்குப் போகும் நரம்பு செல்லின் உடல் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து ஒரே இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள்கிறது. நுனிக்கு வேண்டிய புரதமெல்லாம் நுண்குழல் என்ற தண்டவாளத்தில் போய்ச் சேர வேண்டும். பக்லிடாக்செல் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அந்தப் போக்குவரத்து கெடுகிறது. மிக நீளமான இழைகளுக்குத்தான் முதல் அடி. விரல் நுனியில் தொடங்கி மரப்பு மேலே ஏறுவதும் அதனால்தான். பலருக்கு மருந்து முடிந்து சில மாதங்களில் குறையும், சிலருக்கு மிச்சம் நிற்கும். சித்தி இதைத் தாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால் அடுத்த முறை மருந்து ஏற்றுவதற்கு முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சட்டைப் பொத்தான் போட வருகிறதா, செருப்பு கழன்றால் காலுக்குத் தெரிகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அதைக் கேட்டுத்தான் அவர் அளவைக் குறைப்பதா, இடைவெளி விடுவதா என்று முடிவு செய்வார்.