இரட்டையாகத் தெரியும் நாணயம்: எடுத்து வைப்பதா, செலவழிப்பதா?

கேள்வி: சில்லறையில் வந்த ஒரு நாணயத்தில் ஆண்டு எண்ணும் எழுத்துகளும் இரட்டையாகத் தெரிகின்றன. அச்சுப் பிழை நாணயம் என்றும் நல்ல விலை போகும் என்றும் நண்பர் சொல்கிறார். இவற்றைச் சேகரிப்பதில் பயன் உண்டா?

பதில்: சேகரிக்கலாம். ஆனால் இரட்டையாகத் தெரிபவற்றில் பெரும்பாலானவை முகமதிப்புக்கு மேல் பெறாதவை. உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

நாணயம் அடிக்கும் எஃகு அச்சு, புடைத்த உருவம் கொண்ட மூல அச்சை அழுத்தித்தான் செய்யப்படுகிறது. முன்பெல்லாம் ஒரே அழுத்தில் உருவம் முழுதாகப் பதியாது. எடுத்துச் சூடாக்கி இளக்கி, மறுபடி பொருத்தி அழுத்துவார்கள். மறுமுறை மயிரிழை விலகிவிட்டால் அந்த அச்சிலேயே உருவம் இரட்டித்துவிடும். அது அடிக்கும் நாணயம் ஒவ்வொன்றிலும் அதே பிழை அதே இடத்தில் வரும். சேகரிப்போர் தேடுவது இந்த 'இரட்டை அச்சு' நாணயத்தைத்தான்.

இன்னொன்று, அடிக்கும்போது நேர்வது. தளர்வாகப் பூட்டிய அச்சு, அடி விழுந்த கையோடு நழுவி எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். இது இயந்திரத்தின் உதறல். இதற்கு யாரும் கூடுதல் விலை தருவதில்லை.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை எடுத்து, விளக்கொளி சாய்வாக விழும்படி பாருங்கள். உண்மையான இரட்டை அச்சில் எழுத்து வழக்கத்தைவிடத் தடித்திருக்கும். இரண்டு உருவங்களும் புடைப்பாக இருக்கும். எழுத்தின் முனைகளில் பிளவு தெரியும். உதறலில் எழுத்து மெலிந்து, பக்கத்தில் படிக்கட்டுபோலத் தட்டையான விளிம்பு இருக்கும். தேய்ந்த அச்சு தரும் மங்கலான நிழலையும் பலர் இரட்டிப்பு என்று நம்பிவிடுகிறார்கள்.

இதற்கு 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தைவிட நல்ல பாடம் இல்லை. பிலடெல்பியா நாணயச்சாலையில் ஒரு பிழையான அச்சு வேலைக்குப் போய்விட்டது. கவனிப்பதற்குள் அது அடித்த நாணயங்களில் 20,000க்கும் மேற்பட்டவை நல்ல நாணயங்களோடு கலந்துவிட்டன. குவியல் முழுவதையும் உருக்க மனமில்லாமல் அப்படியே வெளியே விட்டார்கள். தானியங்கி இயந்திரங்களில் விற்ற சிகரெட் பெட்டிகளின் உறைக்குள் மீதிச் சில்லறையாகச் செருகப்பட்டும் பல மக்கள் கைக்கு வந்தன. ஆண்டு எண்ணும் வாசகமும் லென்ஸ் இல்லாமலே இரண்டாகத் தெரியும். இன்று அதன் மதிப்பு மிக அதிகம். அதே ஆண்டின் வேறு சில சென்ட்களில் கடைசி 5 மட்டும் இரட்டித்திருக்கும். அது அச்சுத் தேய்வு. 'ஏழையின் இரட்டை அச்சு' என்று கேலியாகப் பெயரிட்டு அற்ப விலைக்கு விற்பார்கள்.

வெறும் கண்ணுக்குத் தெரிகிறதா, அந்த வகை நாணயங்களை நிறையப் பேர் சேர்க்கிறார்களா, நாணயம் தேயாமல் இருக்கிறதா என்பவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. அரிதாக இருப்பது மட்டும் போதாது. பிரிட்டனில் 2008இல் பழைய முன்பக்க அச்சையும் புதிய பின்பக்க அச்சையும் தவறாக இணைத்து, ஆண்டே இல்லாத 20 பென்ஸ் நாணயங்களை அடித்துவிட்டார்கள். பல்லாயிரக்கணக்கில் வெளிவந்தும் அவை முகமதிப்பைவிடப் பல மடங்கு விலை போகின்றன. பிழை எவர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிகிறதே! மாறாக, லென்ஸில் மட்டும் தெரியும் சின்ன இரட்டிப்புகள் ஏராளமாக ஆவணப்படுத்தப்பட்டுள்ளன, தேடுவாரில்லை. அவற்றைச் சில்லறையில் தேடிப் பிடிப்பது நல்ல பொழுதுபோக்கு. காசு கொடுத்து வாங்க மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் நாணயம் முதல் வகை என்று தோன்றினால், அதே ஆண்டின் பதிவான இரட்டை அச்சுப் படங்களோடு ஒப்பிடுங்கள். ஒரே அச்சில் பிறந்தவை என்பதால் இரட்டிப்பின் திசை மட்டுமல்ல, அச்சில் விழுந்த நுண்கீறல்கள்கூட ஒத்துப்போக வேண்டும். போலிகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பளபளப்பாக்குகிறேன் என்று புளியோ பற்பசையோ தொடவே கூடாது. தேய்த்த நாணயத்தின் விலை உடனே விழும். தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்புவது, கட்டணத்தைவிட நாணயம் தெளிவாகக் கூடுதலாகப் பெறும் என்றால் மட்டுமே.