கிட்டார் ஏன் கனக்கவில்லை?

கேள்வி: அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் இரண்டாவது ஆல்பமான ‘நெவர்மைண்ட்’ (1991) போல கிட்டார் கனமாக ஒலிக்கணும்னு, எங்கள் இரண்டாவது ஆல்பத்தில் ஒரே கிட்டார் டிராக்கை (பதிவை) காப்பி எடுத்து இடமும் வலமும் வைத்தோம். சத்தம் கூடியதே தவிர அகலம் வரவில்லை. ஏன்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: காப்பி எத்தனை எடுத்தாலும் அது அதே ஒலிதான். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றே வந்தால் காதுக்கு அது நடுவில்தான் நிற்கும். அதே பகுதியை இரண்டாம் முறை வாசித்தே பதிய வேண்டும். நேரத்திலும் சுருதியிலும் வரும் மயிரிழை வித்தியாசம்தான் அகலம். அந்த ஆல்பத்தில் தயாரிப்பாளர் புட்ச் விக், பாடகர் கர்ட் கோபேனின் குரலைக்கூட இரட்டித்துப் பதிந்தார்.

இரண்டாம் முறை டிஸ்டார்ஷனை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவை) கொஞ்சம் குறையுங்கள்; கூடினால் கூழாகிவிடும். கிட்டாரில் 80–100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டி, அந்த இடத்தை பேஸ் கிட்டாருக்கு விடுங்கள். ஒவ்வொரு டேக்குக்கு (ஒருமுறை வாசித்துப் பதிவதற்கு) முன்னும் சுருதி பாருங்கள். நம்மூர் வெயிலில் சத்தத்துக்குப் பயந்து மின்விசிறியை நிறுத்தினால் அறை சூடேறி கம்பி இறங்கும்.

காப்பியை 15 மில்லி செகண்ட் தள்ளிவைக்கும் குறுக்குவழி வேண்டாம். ஹெட்ஃபோனில் பிரமாதம், கோயில் கொடையில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் போல மோனோவில் (இடம் வலம் பிரியாத ஒரே ஒலியாக) சேரும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்து, தகர டப்பாவுக்குள் வாசித்ததுபோல் இருக்கும்.